சரிவில் ஒட்டி நிற்கும் குளத்துத் தண்ணீர்: சிமுலேற்றரில் வன்னி

மெல்பேர்னின் ஃபோக்னர் புறநகரில் 2020 இல் 212 மாடிக் கட்டடம் ஒன்று முளைத்த கதை, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட் சிம் ஆட்களுக்குப் பழசு. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பின் ஸ்ட்ரீட் மப்பில் யாரோ 2 மாடிக்கு 212 என்று அடித்துவிட்டார். வேறொருவர் அதைத் திருத்தியும் விட்டார். மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேற்றர் எடுத்து வைத்திருந்ததோ திருத்தத்துக்கு முந்திய பிரதி. அதே விளையாட்டில் பக்கிங்ஹாம் அரண்மனை ஒரு கந்தோர்க் கட்டடமாக நின்றது. இவையெல்லாம் நகரத்துப் பிழைகள். இலங்கையின் வடக்கே, வன்னியில் பிழை வருவது குளத்திலும் காட்டிலும் பனையிலும்.

குளத்தை முதலில் பார்ப்போம். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் எஸ்ஆர்ரிஎம் என்ற விண்வெளி ரேடார் அளவை. 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது. புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 30 மீற்றர். அலையில்லாத தண்ணீர் ரேடார் கதிரை வேறு பக்கம் தெறிக்கவிடும். திரும்பி வருவதில் பாதி இரைச்சல்தான். தரவைத் துப்புரவாக்கியவர்கள் 600 மீற்றருக்குக் குறையாத நீளமுள்ள நீர்நிலைகளை மட்டும் ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கினார்கள். அதனால் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஊருக்கு ஒன்றாக இருக்கும் சின்னக் குளங்களின் தண்ணீர்தான் உதறிப் போட்ட சாரம் போல மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

குளக்கட்டின் பாடு இன்னும் மோசம். மேல் அகலம் சில மீற்றரே உள்ள கட்டு, 30 மீற்றர்ப் புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும், அல்லது சராசரியில் கரைந்துவிடும். கட்டு இல்லை, தண்ணீர் திறக்கும் துருசு இல்லை, மிகைநீர் வழியும் வான் இல்லை. வயலுக்கு மேலே தண்ணீர் மட்டும் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டுக்கு எதிரே தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரைப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. வரைபடத்தில் குளத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக வரைந்திருந்தால் தண்ணீர் கரையேறி மரத்தடிக்கே வந்துவிடும்.

அதைவிடச் சிரிப்பு செய்மதிப் படத்தின் மாதம். மார்கழியில் நிறைந்து கிடக்கும் குளம் புரட்டாதியில் வெடித்த சேறு. படம் வரட்சியில் எடுத்தது, வரைபடமோ நிறைகுளம் என்கிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேற்றருக்கு, செய்மதிப் படத்தைத் தரையில் விரிக்கும் ஓர்தோ4எக்ஸ்பி மென்பொருளால் டைல் (ஒரு பாகைக்கு ஒரு பாகை நிலத்துண்டு) கட்டுபவர்கள் தண்ணீரைக் கொஞ்சம் ஒளி ஊடுருவ விடுவது வழக்கம். அப்போது தண்ணிக்குள்ளே மாட்டுத்தடமும் உழவு இயந்திரம் போன தடமும் துலக்கமாகத் தெரியும்.

திருத்துவதற்கு முன் பிழை எந்த அடுக்கில் என்று பாருங்கள். மைக்ரோசொஃப்ட் சிமுலேற்றரில் இணையத் தரவை அணைத்துவிட்டு அதே இடத்துக்குப் போங்கள். பிழை மறைந்தால் அது இணையத்தில் இருந்து இறங்கும் படத்தோடு வந்தது. மறையாவிட்டால் கணினியில் உள்ள அடித்தரவில் இருக்கிறது. எக்ஸ்-பிளேனில் வேலை சுலபம். ஓப்பின் ஸ்ட்ரீட் மப்பில் குளத்தின் உண்மையான ஓரத்தை வரைந்து, வற்றும் அலைகரையைப் பருவகால நீர் என்று தனியாகக் குறியுங்கள். விளையாட்டில் வடிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக வரைபடத்தில் பொய் வரையக் கூடாது. அதே வரைபடத்தை வேறு வேலைக்குப் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள். பிறகு ஓர்தோ4எக்ஸ்பி கோப்புறையில் அந்த டைலுக்குச் சேமித்து வைத்திருக்கும் பழைய நீர்நிலைக் கோப்பை அழியுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, திருத்தியும் மாறவில்லையே என்று தலையைச் சொறிவார்கள். அதே மென்பொருளில் தண்ணீரைச் சமனாக்கும் வோட்டர் ஸ்மூதிங் எண்ணைக் கூட்டினால் சின்னக் குளத்தின் சுருக்கம் குறையும். அதன்பின் வெக்டர் (வரைபடக் கோடுகள்), மெஷ் (தரையின் முக்கோண வலை), மாஸ்க் (நீரோர மறைப்பு), டிஎஸ்எஃப் (எக்ஸ்-பிளேன் வாசிக்கும் தரைக்கோப்பு) என்று நான்கு படியையும் திரும்ப ஓட்ட வேண்டும். படங்கள் ஏற்கெனவே இறங்கியிருப்பதால் கடைசிப் படி கெதியாக முடியும்.

அடுத்தது காடு. அந்த ரேடார் கதிர் இலைக்கூரையிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும், முழுதாக நிலம் வரை இறங்காது. காடு நிற்கும் இடமெல்லாம் தரை உயர்ந்ததாகப் பதிவாகும். முல்லைத்தீவுப் பக்கம் காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் மதில் கட்டியது போல ஒரு படி வரும். அந்தப் பொய் மேட்டின் மேல் சிமுலேற்றர் தன் பங்குக்கு இன்னொரு காட்டை நட்டுவிடும். மரத்துக்கு மேல் மரம். மலைநாட்டில் இந்தப் பத்துப் பதினைந்து மீற்றர் கண்ணில் படாது. வன்னி தட்டையாக இருப்பதால்தான் மாட்டிக்கொள்கிறது. மரஉயரத்தைக் கழித்த வேறு உயரத் தரவைக் கொடுத்து மெஷ் கட்டுவதுதான் வழி.

கட்டடங்களுக்கு பிளாக்ஷார்க் என்ற ஒஸ்திரிய நிறுவனம் செய்மதிப் படங்களைப் பார்த்து 150 கோடிக் கட்டடம் எழுப்பிக் கொடுத்தது. மேலிருந்து தெரிவது கூரைதான்; மாடி எண்ணிக்கை ஊகம். இந்த முறையில், நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தைக்கூடக் கூரை என்று எண்ணி அதன் மேல் வீடு கட்ட இடமுண்டு. பனைக்கும் மதிப்பில்லை, தோப்பு இருந்த இடத்தில் ஏதோ ஒரு மரம் நிற்கும்.

ஓடுபாதையில் வேறு வகை. கோப்பில் எழுதிய உயரம் சுற்றுத்தரையைவிட 6 மீற்றர் கூடினால் விமானத்தளம் மேசை மேல் நிற்கும், குறைந்தால் கிணற்றுக்குள். எக்ஸ்-பிளேன் 11 இல் ஓடுபாதை தரையோடு வளையும் தெரிவைப் போட்டால் மேசை போகும், ஆனால் மெஷ் கரடுமுரடாக இருந்தால் ஓட்டம் மாட்டுவண்டிதான். ஓர்தோ4எக்ஸ்பியில் விமானத்தளத்தைச் சமனாக்கும் பிக்சல் எண்ணைக் கூட்டி மெஷ்ஷைத் திரும்பக் கட்டுவது மேல்.

தரவே இல்லாத புள்ளியை எஸ்ஆர்ரிஎம் −32768 என்று குறிக்கும். அதை நிரப்பாமல் விட்டால் நடு வயலில் 32 கிலோமீற்றர் ஆழக் குழி.

கடைசியாக டைல் எல்லை. டைலின் பெயர் அதன் தென்மேற்கு மூலையின் அகலக்கோடும் நெடுங்கோடும்தான். 9 பாகை அகலக்கோடு ஏ9 வீதியை மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் வெட்டுகிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் +09+080 இல், வவுனியா +08+080 இல். இரண்டையும் வெவ்வேறு படமூலத்தில் கட்டினால் காடு அடிமட்டம் வைத்துக் கீறியது போல நிறம் மாறும். ஒரே மூலம், ஒரே சூம் அளவு (படத்தின் நுணுக்கம்), 17 போதும். மன்னார்த் தீவில் பறக்கப் போகிறவர் +08+079, +09+079 இரண்டையும் கட்ட வேண்டும்: மன்னார் நகரம் கீழ் டைலில், தலைமன்னார் மேல் டைலில்.