இரண்டு கைகளும் வேண்டியிருந்தன

ரயில் நிலையப் படிக்கட்டில் அம்மாவை இறக்கிக்கொண்டிருந்தேன். மின்படிகள் அன்று ஓடவில்லை. அம்மாவுக்கு 78 வயது. வலது முழங்கால் சரியாக மடங்காது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என்னிடம் கொடுத்துவிட்டு, வலியுள்ள காலை முதலில் கீழே வைத்து, பிறகு மற்றக் காலை அதன் அருகே கொண்டுவந்து, படிக்குப் படி நின்று நின்றுதான் இறங்குவாள். பாதி தூரம் வந்திருப்போம். என் தோளில் கிடந்த பை நழுவி முழங்கை மடிப்பில் விழுந்தது. அந்தக் கையில்தான் அம்மா இருந்தாள். பையின் கனம் என் கையை இழுக்க, என் கை அவளை இழுக்க, அவளுக்கு ஒரு படி தவறியது. கம்பியை விடாமல் பிடித்திருந்ததால் விழவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, "அந்தப் பையில் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று இரவு அறைக்கு வந்ததும் பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். இரண்டு பாஸ்போர்ட்டுகள், கைபேசி, பர்ஸ், வீட்டுச் சாவி, அம்மாவின் மாத்திரைப் பெட்டி, என் கண்ணாடி. இவை எல்லாம் சேர்ந்து ஒரு ஓரத்தில் அடங்கிவிட்டன. மீதிக் கட்டில் முழுவதும் வேறு பொருள்கள்: மூன்று பேனாக்கள், பாதி எழுதிய நோட்டு, முடிந்துபோன பயணத்தின் டிக்கெட்டுகள், கைக்குட்டைகள், சீப்பு, மடக்குக் குடை, எப்போதோ வாங்கிய களிம்பு, எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத ஒரு சாவி. தொலைந்தால் அழ வேண்டிய பொருள்களையும், தொலைந்தது கூடத் தெரியாத பொருள்களையும் ஒரே பையில் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து நாள் முழுவதும் காவல் காத்திருக்கிறேன்.

மறுநாள் பயணத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். காலையில் கிளம்பியதிலிருந்து இரவு சேரும் வரை அந்தப் பையைத் தோளிலிருந்து எத்தனை முறை இறக்கி வைக்கிறேன் என்று. 23 முறை. டிக்கெட் வாங்கும் இடத்தில், இருக்கையில், நாற்காலி முதுகில், கால்களுக்கு நடுவே, கழிவறைக் கதவின் கொக்கியில். இறக்கி வைத்த ஒவ்வொரு முறையும் கண் அதன் மேல் இருக்க வேண்டும், எழும்போது கை அதைத் தேட வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு தடவை அந்தக் கொக்கியில் மாட்டியதை மறந்து நடைமேடை வரை வந்துவிட்டேன். திரும்பி ஓடினேன். பை இருந்தது. ஆனால் ஓடிய அந்தச் சில நிமிடங்கள் இன்றும் உடம்பில் இருக்கின்றன. இறக்கி வைக்கக்கூடிய எதையும் மறந்துவிட முடியும். உடுத்தியிருப்பதை அப்படி எங்கும் விட்டுவர முடியாது.

அதற்குப் பிறகுதான் பாக்கெட் வைத்த உடைகளைத் தேடத் தொடங்கினேன். என் 52 வயது வரை என் உடைகளில் உருப்படியான பாக்கெட் ஒன்று கூட இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடையில் பெண்களுக்கான பேன்ட்டுகளின் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்தால் விரல்களின் இரண்டாவது கணுவோடு துணி முட்டுகிறது. சிலவற்றில் பாக்கெட் மாதிரி ஒரு மடிப்புத் தைத்து வாயை மூடியே விட்டிருக்கிறார்கள். என் கைதான் பெரிதோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. 2018இல் 'த புட்டிங்' என்ற இணைய இதழ், 20 பிராண்டுகளின் ஜீன்ஸ்களை எடுத்து அளந்து பார்த்திருக்கிறது. பெண்களுக்கான ஜீன்ஸில் முன்பக்கப் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. ஏறத்தாழ பாதி! ஆணின் கைபேசியும் பெண்ணின் கைபேசியும் ஒரே அளவுதான். பாஸ்போர்ட்டும் அப்படியே. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பாக்கெட் தராமல் உடையை விற்றுவிட்டு, அந்தக் குறையை நிரப்ப ஒரு பையையும் தனியாக நம்மிடம் விற்கிறார்கள்.

பயண உடை என்று விற்பவற்றில் நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. நான் முதலில் வாங்கிய பேன்ட்டில் எட்டுப் பாக்கெட்டுகள். அவற்றில் பயன்பட்டவை இரண்டு. இப்போது கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவு அது: உயரம் 125 மில்லிமீட்டர், அகலம் 88. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இந்த அளவுதான். அது முழுவதும் உள்ளே போய், அதற்கு மேல் இரண்டு விரற்கடை இடம் மிஞ்சி, ஜிப் இடறாமல் மூட வேண்டும். அதாவது பாக்கெட்டின் ஆழம் 16 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

அடுத்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். இது நின்று பார்த்தால் தெரியாத விஷயம். இடுப்போரம் சாய்வாக வைத்த பாக்கெட், நிற்கும்போது மேல் நோக்கித் திறந்திருக்கும். தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் வாய் பக்கவாட்டில் திரும்பிவிடும். சில்லறையும் சாவியும் சத்தமில்லாமல் இருக்கை இடுக்கில் இறங்கிவிடும். அதனால் அந்தப் பாக்கெட்டில் கைக்குட்டை மட்டும்தான் வைக்கிறேன். தொடையோரம் உள்ள பாக்கெட் என்றால் ஜிப் கட்டாயம். ஜிப் எந்தத் திசையில் மூடுகிறது என்பதையும் பாருங்கள். கீழிருந்து மேலாக மூடுவதுதான் நல்லது. அவசரத்தில் பாதி மூடிவிட்டுப் போனால் கூட, திறந்திருப்பது மேல் பாதியாக இருக்கும், பொருள் அடியில் தங்கும். மேலிருந்து கீழாக மூடுவதில் பாதி மூடினால், அடிப்பக்கம்தான் வாய் பிளந்து நிற்கும்.

பாக்கெட்டை வெளிப்புறமாக இழுத்து உள்துணியையும் பாருங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால், கைபேசி நடைக்கு நடை தொடையில் இடிக்கும். இருநூறு கிராம் கனம் நாள் முழுவதும் இடித்தால் சாயங்காலம் எரிச்சல் வந்துவிடும். உள்துணியின் ஓரத்தைக் கால் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தால் ஆடாது. தைக்கத் தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம்; நான் அப்படித்தான் செய்தேன். பாக்கெட் வாயின் இரு முனைகளிலும் குறுக்கே நெருக்கமாகத் தையல் ஓட்டி இறுக்கியிருக்கிறார்களா என்பதும் முக்கியம், ஏனென்றால் கிழிசல் எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது. ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், உழைப்பாளிகளின் கால்சட்டைப் பாக்கெட்டுகள் கிழிந்துகொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் அந்த முனைகளில் செம்பு ரிவெட் அடித்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஜீன்ஸில் இன்று அழகுக்கு இருப்பதாக நாம் நினைக்கும் அந்தச் சின்னக் குமிழ், பாக்கெட்டில் கனம் வைத்து வேலை செய்தவர்களுக்காகப் பிறந்தது.

இடுப்பில் வெறும் எலாஸ்டிக் வைத்த பேன்ட்டு வேண்டாம். எல்லாவற்றையும் நிரப்பியதும் கீழே இறங்கும். பெல்ட் போடும் வளையங்கள் இருக்க வேண்டும்.

ஒரு பெரிய தவறும் செய்தேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாக்கெட் நிறைந்த ஒரு ஜெர்கின் வாங்கி, பாஸ்போர்ட், பணம், கார்டு எல்லாவற்றையும் அதன் உள்பாக்கெட்டுகளில் அடுக்கிவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன். மதியம் வெயில் ஏறியதும் ஜெர்கினைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அம்மாதான், "உன் சட்டையை எடுத்துக்கொள்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். எந்தப் பை வேண்டாம் என்று விட்டேனோ, அதையே சட்டைக் கை வைத்த வடிவில் மாட்டியிருந்தேன். அன்றிலிருந்து ஒரு வரையறை வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் ஊர் திரும்ப முடியாது என்ற பொருள்கள் எல்லாம் இடுப்புக்குக் கீழே, பேன்ட்டில். கழற்றும் உடையில் கண்ணாடி, கைக்குட்டை, அன்றைய செலவுக்கான பணம் போன்றவை மட்டும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு விமான நிலையச் சோதனை. உடல் ஸ்கேனருக்குள் போகும்போது பாக்கெட்டில் ஒரு காகிதத் துண்டு கூட இருக்கக் கூடாது என்பார்கள். வரிசையில் நிற்கும்போதே எல்லாவற்றையும் ஜெர்கினின் ஜிப் பாக்கெட்டுகளுக்கு மாற்றி, மூடி, ஜெர்கினைச் சுருட்டித் தட்டில் வைக்கிறேன். தட்டில் சாவி தனி, பர்ஸ் தனி, கைபேசி தனி என்று சிதறுவதில்லை. அந்தப் பக்கம் போனதும் முதல் வேலை, ஓர் ஓரமாக நின்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்குத் திருப்புவது. பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்தினாலும் இதை நான் அவசரமாகச் செய்வதில்லை.

அதனதன் இடம் என்பதுதான் இதில் உயிர்நாடி. வலது தொடையில் பாஸ்போர்ட்டுகள். இடது தொடையில் கைபேசி. உள்பக்க இடுப்புப் பாக்கெட்டில் ஒரு கார்டும் கொஞ்சம் பணமும், இன்னொரு கார்டு வேறு இடத்தில். இந்த ஒழுங்கை இரண்டு வருடங்களாக மாற்றவில்லை. பின்பக்கப் பாக்கெட்டில் எதுவும் வைப்பதில்லை. பாஸ்போர்ட்டுகளை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டே வைக்கிறேன், தொடையின் வியர்வை தாளை நெளியச் செய்துவிடும். நெரிசலில் பாக்கெட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். பணம் எங்கே இருக்கிறது என்று ஜேப்படிக்காரருக்கு நாமே கை காட்டுவது போல அது. இரு கைகளும் இயல்பாகத் தொங்கும்போது விரல் நுனி தொடைப் பாக்கெட்டின் மேல் படும். எனக்கு அதுவே போதும்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடியில் கனம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன், பயம் குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

தண்ணீர் பாட்டிலும் புத்தகமும் குடையும் முதுகுப்பையில் வருகின்றன. அதை எங்கே இறக்கி வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒரு முறை அதை ரயிலிலேயே விட்டு இறங்கிவிட்டேன். படித்துக்கொண்டிருந்த நாவலின் முடிவு தெரியாமல் போனதுதான் நஷ்டம்.

அம்மாவின் பொருள்களையும் நானே சுமப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. "என் மாத்திரை என்னிடம் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் உன்னிடம் கேட்டு வாங்க வேண்டுமா?" என்றாள். நியாயம்தான். ஆனால் அவள் பேன்ட் போட மாட்டாள், அவள் உடுத்தும் எதிலும் பாக்கெட் தைக்க இடமில்லை. அப்போதுதான் பழைய ஐரோப்பியப் பெண்களின் வழி கைகொடுத்தது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை அவர்களுடைய பாக்கெட் உடையோடு சேர்ந்ததாக இல்லை. பேரிக்காய் வடிவில் தனியாகத் தைத்து, நாடாவில் கோத்து, பாவாடைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். மேல் உடையின் பக்கத் தையலில் ஒரு திறப்பு விட்டு, அதன் வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். சாவி, காசு, ஊசி நூல் எல்லாம் அதற்குள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பூவேலை செய்த அத்தகைய பாக்கெட்டுகள் இருக்கின்றன. யாருக்கும் தெரியாத இடத்தில் அணிவதற்கு அவ்வளவு பூவேலை! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடைகள் மெலிந்து உடலோடு ஒட்டியதும், அந்தப் பாக்கெட்டுகள் துருத்திக்கொண்டு தெரியத் தொடங்கின. கையில் தொங்கவிடும் சிறிய சுருக்குப் பை வந்தது. இரண்டு நூற்றாண்டுகளாக நாம் அந்தப் பையைத்தான் பெரிதாக்கிக்கொண்டே வருகிறோம்.

அம்மாவுக்கு அப்படி ஒன்று தைத்தேன். மெல்லிய பருத்தித் துணி, இரட்டை மடிப்பு, மாத்திரைப் பெட்டியின் அளவுக்கு ஒரு அறை, பணத்துக்கு ஒரு அறை, மேலே ஜிப். முடிச்சு குத்தாமல் இருக்க அகலமான நாடா. முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நாலைந்து முறை நடந்து பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கையை விட்டு மாத்திரைப் பெட்டியை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

போன மாதம் மறுபடி ஒரு படிக்கட்டு. இது இன்னும் செங்குத்து. நான் அவளுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி நின்று, பின்னோக்கி இறங்கினேன். ஒரு கையால் கம்பி, மறு கையால் அவள் முழங்கை. என் தோளில் நழுவ ஒன்றும் இல்லை. 31 படிகள். கீழே வந்ததும் அவளுக்கு மாத்திரை நேரம். என்னைக் கேட்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும், "இடப்பக்கத்துக்கும் ஒன்று தைத்துக் கொடு, கண்ணாடி மாத்திரையோடு உரசுகிறது" என்றாள். இன்று காலை துணியை வெட்டி வைத்திருக்கிறேன். நாடா நீலத்தில் வேண்டுமாம்.