எங்கள் கூரையில் 18 தகடுகள்

எங்கள் வீட்டுக் கூரைக்கு 31 வயது என்பது போன வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. சோலார் போட விலை கேட்டு மூன்று நிறுவனங்களைக் கூப்பிட்டிருந்தேன். முதலில் வந்த இரண்டு பேரும் வரவேற்பறையைத் தாண்டவில்லை. மேலிருந்து எடுத்த வரைபடத்தை மடிக்கணினியில் காட்டி, எங்கள் கூரை மேல் நீலக் கட்டங்களை அடுக்கி, "24 தகடு போடலாம்" என்று சொல்லிவிட்டு காப்பி குடித்துப் போனார்கள். மூன்றாமவர் மட்டும் ஏணி கொண்டுவந்திருந்தார். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், கைத்தூசியைத் தட்டிக்கொண்டே, "ஓடு எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். "நீ பிஎஸ்எல்இ எழுதின வருஷம் அப்பா மாத்தினார்" என்றார் அம்மா. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேர்வு அது, நான் எழுதி அப்போது 31 வருடம் ஆகியிருந்தது.

சோலார் தகட்டுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் 25 ஆண்டு. அதை 31 வயது ஓட்டின் மேல் பூட்டப் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் எந்த பிராண்டு தகடு நல்லது, எது அரை விழுக்காடு கூடுதல் திறன் என்று இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

செராங்கூன் கார்டன் பக்கம் எங்களுடையது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளின் நடுவில் மாட்டிக்கொண்ட டெரஸ் வீடு. அப்பா வாங்கியது. இங்கே சோலார் போடும் பேச்சு தரைவீட்டுக்காரர்களுக்குத்தான் பொருந்தும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி புளோக்கின் கூரை உங்களுடையது இல்லை. அங்கே சோலார்நோவா என்ற அரசாங்கத் திட்டத்தின் கீழ் தகடுகளைப் போடுகிறார்கள், அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கிக்கும் நடைபாதை விளக்குக்கும் போகும். ஈசூனில் இருக்கும் என் மச்சான், "எங்க புளோக்குல போட்டிருக்காங்க, எனக்கு ஏன் பில் குறையல?" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

மூன்றாமவர் சொன்னது இதுதான். இந்த ஓட்டின் மேல் இப்போதே தகடு போடலாம், ஆனால் ஐந்தாறு வருடத்தில் கூரை வேலை வந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், அதற்குத் தனிக்கூலி. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வியாபாரத்தைக் கூட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கூரை வேலை செய்பவர் இல்லை. "வேறு யாரையாவது வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். உடைந்த ஓடுகளை மாற்றி, அடியில் கிழிந்திருந்த விரிப்பைப் புதிதாகப் போட 4,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. விலைப்பட்டியல் எதிலும் இல்லாத செலவு இது.

அப்புறம் திசை விவகாரம். எங்கள் கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிந்திருக்கிறது. மதுரையில் இருக்கும் சித்தப்பா மகன் காணொளி அழைப்பில் பார்த்துவிட்டு, "தெற்குப் பக்கம் இல்லாம எப்படிண்ணே போடுவீங்க?" என்றான். அவன் வீட்டில் 3 கிலோவாட் போட்டு மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் வாங்கியவன், அதனால் இந்த விஷயத்தில் அவன்தான் எங்கள் குடும்பத்தின் நிபுணர். மதுரைக்கு அவன் சொன்னது சரி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. சூரியன் பாதி வருடம் வடக்கே, பாதி வருடம் தெற்கே நின்று, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலாகவே போகிறது. கிழக்கு மேற்குச் சரிவானாலும் பெரிய இழப்பு இல்லை. தகடு லேசாகச் சாய்ந்திருந்தால் மழையே அழுக்கைக் கழுவிவிடும். "சரி, மானியம் எவ்வளவு தர்றாங்க?" என்று அடுத்துக் கேட்டான். இங்கே வீட்டுக்காரர்களுக்கு மானியம் இல்லை என்றதும் அழைப்பின் சுவாரசியம் போய்விட்டது.

திசையைவிட நிழல்தான் இங்கே பெரிய வில்லன். தகடுகளைச் சரம்போல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும்போது, ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்தச் சரம் முழுவதுமே தடுமாறும். எங்கள் தண்ணீர்த்தொட்டியின் நிழலும் பின்வீட்டு மாமரத்தின் நிழலும் விழும் இடங்களைக் கழித்தால் 24 தகடு 18 ஆனது. 440 வாட் தகடு 18, ஆக மொத்தம் 7.92 கிலோவாட். வரைபடத்தில் மாமரம் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். ஏணி வைத்தவர் நேரில் பார்த்ததால், ஒன்றின் நிழல் மற்றவற்றைப் பாதிக்காமல் இருக்க ஒவ்வொரு தகட்டுக்கும் தனியாகச் சின்னக் கருவி மாட்டும் முறையைச் சொன்னார். கொஞ்சம் விலை கூடுதல். நிழலே விழாத கூரையாக இருந்தால் அது தேவையில்லை என்றும் அவரே சொன்னார்.

அவர் சொன்ன விலை மொத்தம் 14,200 வெள்ளி. முன்பணமே வேண்டாம், இலவசமாகப் போட்டுத்தருகிறோம், மாதாமாதம் கட்டினால் போதும் என்ற திட்டமும் ஒருவர் வைத்திருந்தார். என் மனைவிக்கு அது பிடித்திருந்தது. 20 ஆண்டு ஒப்பந்தம். பத்தாவது பக்கத்தில், இடையில் வீட்டை விற்றால் வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் மீதியை நாம் கட்டித் தீர்க்க வேண்டும் என்று இருந்தது. அம்மாவுக்குப் பிறகு வீடு என்ன ஆகும் என்று அண்ணன் தம்பிகள் நாங்கள் இன்னும் பேசவே இல்லை. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இன்னொருவரின் ஒப்பந்தத்தில், நம் கூரை தரும் மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ்கள் (இவற்றை விற்றுக் காசாக்கலாம்) நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி. பெரிய தொகை இல்லை. ஆனாலும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்களே என்றிருந்தது.

கையெழுத்துப் போடும் முன் நான் சேர்க்கச் சொன்னது ஒன்றுதான்: கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை வருடம். இரண்டு வருடம் என்று எழுதி வாங்கினேன். ஐந்து கேட்டிருக்க வேண்டும்.

அனுமதிகளைப் பற்றி நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு மெகாவாட்டுக்குக் கீழே என்றால் மின் உற்பத்தி உரிமம் வேண்டாம், வீட்டுக்கூரை அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. மரபுடைமைப் பாதுகாப்பில் உள்ள வீடாக இருந்தால் மட்டும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் முன்னனுமதி வாங்க வேண்டும். மற்றபடி மின்சாரம் விநியோகிக்கும் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பம் அனுப்புவது, கம்பி இணைப்பைச் சோதித்துக் கையெழுத்திடுவது எல்லாம் எல்இடபிள்யூ என்று இங்கே சொல்லப்படும் உரிமம் பெற்ற மின் பணியாளரின் வேலை. நம் வேலை காத்திருப்பது. ஜூலையில் தகடு ஏறியது, ஆகஸ்டு கடைசியில்தான் சுவிட்சைப் போட விட்டார்கள். ஐந்து வாரம் நல்ல வெயிலில் அந்தத் தகடுகள் சும்மா காய்ந்ததைப் பார்த்து அம்மா, "வடகம் போட்டிருந்தாலாவது காஞ்சிருக்கும்" என்றார்.

தகடு ஏற்ற வந்தவர்கள் நான்கு பேர், நால்வரும் நம்மூர்த் தம்பிகள். இரண்டு பேர் புதுக்கோட்டைப் பக்கம், ஒருவர் சிவகங்கை. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு மாட்டி, மதிய வெயிலில் ஓட்டின் மேல் இருபது கிலோவுக்கு மேல் உள்ள தகட்டை இருவராகப் பிடித்து நகர்த்தினார்கள். எனக்குக் கீழே நின்று பார்க்கவே கால் கூசியது. இரண்டரை நாள். மூன்றாம் நாள் அம்மா தயிர்சாதம் கட்டிக்கொடுத்தபோது சிவகங்கைத் தம்பி, "அண்ணே, வேலை முடிஞ்சதும் போன்ல கூரைய ஒரு சுத்து படம் புடிச்சுத் தரேன், வச்சுக்கங்க" என்றார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டிசம்பரில் புரிந்தது. வடகிழக்குப் பருவமழை மூன்று நாள் விடாமல் பெய்தபோது பூசையறையில் முருகன் படத்துக்கு நேர்மேலே சொட்ட ஆரம்பித்தது. சோலார்காரரைக் கூப்பிட்டேன். கூரைக்காரரின் வேலை சரியில்லை என்றார். கூரைக்காரரைக் கூப்பிட்டேன். என் வேலை பத்திரமாக இருந்தது, மேலே ஏறி மிதித்தவர்கள் அவர்கள் என்றார். இரண்டு பேரும் சொன்னது நியாயமாகவே இருந்தது, அதுதான் எரிச்சல். வாளியும் துணியுமாகப் பத்து நாள் ஓடியது. கடைசியில், கூரை வேலை முடிந்ததும் கூரைக்காரர் அனுப்பிய படங்களையும் அந்தத் தம்பி எடுத்துத் தந்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தகட்டைத் தாங்கும் கொக்கிக்குக் கீழே ஓர் ஓட்டின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். முதல் படத்தில் அது இல்லை. அதை அனுப்பிய பிறகுதான் சோலார்காரர் ஆள் அனுப்பினார். இரண்டு ஓடு மாற்றினார்கள், காசு வாங்கவில்லை. படம் இல்லாவிட்டால் அந்தச் சண்டை இன்றும் நடந்துகொண்டிருக்கும்.

இனி காசுக் கணக்கு. எங்கள் வீட்டில் ஆறு பேர், மாதம் 900 யூனிட் ஓடும். தகடுகள் சராசரியாக மாதம் 780 யூனிட் தருகின்றன. மார்ச்சில் 860, அந்த ஒழுகிய டிசம்பரில் 610. இதைக் கேட்டதும் எல்லாரும், "அப்போ 120 யூனிட்டுக்குத்தான் பில்லா?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பகலில் அம்மா மட்டும்தான் வீட்டில். ஏர்கான் எல்லாம் இரவில். தகடு தருவதில் 280 யூனிட்தான் நாங்கள் நேரடியாகப் பயன்படுத்துகிறோம், மீதி 500 வெளியே, பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது. நாங்கள் இணைந்த 2025 மூன்றாம் காலாண்டில் எஸ்பி கட்டணம் யூனிட்டுக்கு 27.47 காசு, 9 விழுக்காடு பொருள், சேவை வரியோடு 29.94 காசு. பகலில் நாமே பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் இந்த 30 காசை மிச்சப்படுத்தும். வெளியே அனுப்புவதற்குக் கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், 20 காசை ஒட்டி. ஆக மாதம் 185, 190 வெள்ளி குறைகிறது. தகட்டுக்கு மட்டும் என்றால் ஆறு வருடத்துக்குச் சற்று மேல், கூரைச் செலவையும் சேர்த்தால் எட்டைத் தாண்டும். என் மனைவி கூரைச் செலவைச் சேர்க்கக்கூடாது என்கிறாள், எப்படியும் செய்ய வேண்டியதுதானே என்று. அவள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

இந்த 20 காசுக் கணக்கு எஸ்பியிடம் முறைப்படுத்தப்பட்ட கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு. திறந்த மின்சாரச் சந்தையில் வேறு விற்பனையாளரிடம் இருந்தால், வெளியே அனுப்புவதற்கு அரைமணிக்கு ஒருமுறை மாறும் மொத்தச் சந்தை விலை. நாங்கள் ஒரு விற்பனையாளரிடம் இருந்தோம், நல்லவேளை ஜூன் மாதமே ஒப்பந்தம் முடிந்தது. இடையில் முறித்தால் அதற்கும் தண்டம் கட்ட வேண்டும்.

மின்கலமும் வாங்கச் சொல்லி ஒருவர் மிகவும் வற்புறுத்தினார். 30 காசுக்கு வாங்கி 20 காசுக்கு விற்கிறோம், அப்படியானால் மின்கலத்தில் சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் லாபம் 10 காசு. தினம் 10 யூனிட் சேமித்தால் ஒரு வெள்ளி. வருடத்துக்கு 365 வெள்ளிக்காகப் பல ஆயிரம் போட எனக்கு மனம் வரவில்லை. மின்தடைக்கு உதவும் என்றார். சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சராசரி மின்தடை ஒரு நிமிடம்கூட இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மின்கலம் இல்லாத சோலார், தெருவில் மின்சாரம் போனால் கூடவே அணைந்துவிடும், நடுப்பகலாக இருந்தாலும். கம்பியில் வேலை செய்பவர்களுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது அம்மா துணி துவைக்கும் நேரம் காலை பதினொன்று. கைபேசியில் செயலியைத் திறந்து உற்பத்தி 4 கிலோவாட்டைத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தைப் போடுகிறார். மேகம் வந்தால் திட்டுகிறார். தகடுகளுக்கு அடியில் மைனா கூடு கட்ட வந்தது. ஓரத்தில் வலை அடிக்க 600 வெள்ளி கேட்கிறார்கள், அதற்கு இன்னும் முடிவு எடுக்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு வாசலில் கட்டுமான அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். வயதான சீனத் தம்பதி இருந்த வீடு, போன வருடம்தான் கைமாறியது. எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் தெரு இரண்டு மாடி வட்டாரம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி அங்கேயும் 12 மீட்டர் உயரம் வரை எழுப்பலாம். எங்கள் கூரை முகடு அதைவிட நிச்சயம் தாழ்வு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது அந்தச் சுவரின் நிழல் எத்தனை தகட்டின் மேல் விழும் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று என்று வருகிறது. அம்மா, "நாலு" என்கிறார்.