மூன்றாம் செமஸ்டரைப் பார்த்துவிட்டு நர்சிங் சேருங்கள்

போன வாரம் அத்தை மகள் போன் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பா, ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமாவா என்று வீட்டில் ஒரே பேச்சாம். "அக்கா, ரெண்டுலயும் ஊசி போடத்தானே சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள். அவளிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் நர்சிங் படித்தபோது வருடத்துக்கு ஒரு பரீட்சை. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய விதிகள் 2021-ல் கெஜட்டில் வந்த பிறகு பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டராகிவிட்டது, பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கும் கிரெடிட் கணக்கும் வந்துவிட்டது. அதனால் என்னைப் போன்ற பழைய ஆட்களிடம் கேட்டுவிட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள், பாடத்திட்டத்தை ஒரு தடவை நீங்களே எடுத்துப் படியுங்கள்.

முதல் செமஸ்டரில் அனாடமி (உடல் அமைப்பு), பிசியாலஜி (உடல் எப்படி இயங்குகிறது), சோஷியாலஜி, சைக்காலஜி, ஆங்கிலம், இவற்றோடு நர்சிங் ஃபவுண்டேஷன். படுக்கை விரிப்பது, நாடி, காய்ச்சல், பிபி பார்ப்பது, முதலுதவி எல்லாம் இங்கேதான். இரண்டாவதில் பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ். அவள் கேட்ட ஊசியும் இந்த இரண்டாம் செமஸ்டரில்தான் வருகிறது, அதுவும் கணக்கோடு சேர்ந்து வருகிறது. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. நோட்டில் இது எளிது. ஆனால் நிஜ வார்டில், பக்கத்தில் நோயாளியின் மகன் "சிஸ்டர், இது எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டே நிற்கும்போது, குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை மெதுவாகத் திருகித் திருகி அந்த 42-ஐ நிறுத்துவதற்குள் கை வியர்த்துவிடும்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. மைக்ரோபயாலஜி (கிருமிகள்), பார்மகாலஜி (மருந்துகள்), பேத்தாலஜி (நோய்கள்), கூடவே மெடிக்கல் சர்ஜிக்கல் என்று நாங்கள் சொல்லிப் பழகிய, பெரியவர்களைக் கவனிக்கும் அடல்ட் ஹெல்த் நர்சிங், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். அதுவரை எப்படிச் செய்வது என்று கற்றவர்களிடம் இனி ஏன் என்று கேட்பார்கள். இருதய நோயாளிக்கு ஏன் சலைனை வேகமாக விடக்கூடாது, டிகாக்சின் என்ற இருதய மருந்தைக் கொடுக்கும் முன் ஏன் நாடி பார்க்க வேண்டும் என்று. இன்னொன்றும் உண்டு. தியரியில் 1 கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 20 மணி நேரம், வார்டில் வேலை பழகும் கிளினிக்கலில் அதே 1 கிரெடிட்டுக்கு 80 மணி நேரம். பகலெல்லாம் வார்டில் நின்ற கால்வலியோடு ராத்திரி மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். முதல் வருடத்தில் பிசியாலஜியை ஒப்புக்குப் படித்தவர்கள் இங்கேதான் திணறிப்போகிறார்கள். புத்தியில்லாமல் இல்லை, அடித்தளம் இல்லாமல்தான். அதனால் கிட்னியும் இருதயமும் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதல் செமஸ்டரிலேயே தோழிக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குப் படித்துவிடுங்கள்.

நான்காவதிலும் பார்மகாலஜி, பேத்தாலஜி, அடல்ட் ஹெல்த் தொடரும், தொழில் நெறிமுறை புதிதாகச் சேரும். ஐந்திலும் ஆறிலும் குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம், நிர்வாகம். ஆறாவதில் பிரசவப் பாடம் ஆரம்பித்து ஏழு வரைக்கும் போகும், ஏழில் ரிசர்ச்சும் உண்டு. எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப்தான்.

சரி, ஜி.என்.எம்.? அது மூன்று வருடம், செமஸ்டர் கிடையாது, வருடப் பரீட்சைதான், கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். முதல் வருடத்திலேயே சமூக நல நர்சிங் வந்துவிடும், இரண்டில் மெடிக்கல் சர்ஜிக்கல், மனநலம், குழந்தைகள் நலம், மூன்றில் பிரசவம். ஜி.என்.எம். என்றால் ஏதோ குறைந்த படிப்பு என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எனக்கு நரம்பு தேடி ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் ஜி.என்.எம். படித்த ஒரு சீனியர் அக்காதான். வித்தியாசம் பார்மகாலஜி, பேத்தாலஜி, ரிசர்ச் ஆகியவற்றை எவ்வளவு ஆழமாகப் படிக்கிறோம் என்பதிலும், அடுத்து எம்.எஸ்சி. போகும் வழியிலும் இருக்கிறது. ஜி.என்.எம். முடித்தவர்களும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்துவிட்டு அங்கே போகலாம். வீட்டில் பணம் தட்டுப்பாடு, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் ஜி.என்.எம். சேர்வதில் ஒரு தப்பும் இல்லை.

அவள் பி.எஸ்சி.க்கே போகிறேன் என்றாள். அப்புறம் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டாள். செகண்ட் முள் இருக்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கச் சொன்னேன். முதல் செமஸ்டரில் நாடி எண்ண வேண்டும், அடுத்ததில் சொட்டு எண்ண வேண்டும், வார்டில் போனைக் கையில் எடுக்க விடமாட்டார்கள்.