அஹதிய்யா (ஞாயிறு இஸ்லாமியப் பாடசாலை) நாட்குறிப்பு: பை, கயிறு, போத்தல்

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

இம்மாதம் ஹிஜ்ரத் பாடம்: நபி (ஸல்) மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்தது. அதை நம் நாட்டு இடம்பெயர்வோடு சேர்த்துப் படிக்கிறோம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எனவே முதலில் பை. ஆளுக்கு எட்டுத் துண்டுக் கடதாசி, ஒரு ஷொப்பிங் பேக். வீட்டுச் சாமான் எட்டை எழுதி, மூன்று நிமிடத்தில் நாலை மட்டும் பையில் போட வேண்டும். மணியடித்ததும் அதிலும் இரண்டை வெளியே எடுக்க வேண்டும்.

யாருடைய தெரிவையும் மெச்சக் கூடாது. ஒருவரை மெச்சினால் மற்றவர்களும் "குர்ஆன், பிறப்புச் சான்றிதழ்" என்றே எழுதுவார்கள். கிளிக்கூட்டை எழுத நினைத்த பிள்ளை மறைத்துவிடும். துப்பாக்கிக்காரன் வேடம் வேண்டவே வேண்டாம், பொடியன்கள் சுடத் தொடங்கினால் பையை மறந்துவிடுவார்கள். வெளியேற்றப்பட்ட பலர் வந்து குடியேறிய புத்தளத்தில் இன்னொன்று: "உங்கட உம்மும்மா எப்படி வந்தா?" என்று வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள்.

ஒக்டோபர் 13

அகதி முகாம்களுக்கான சர்வதேச அளவுகோல் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். ஐந்து பேருக்கு 4.2 மீற்றர் பக்கமுள்ள சதுரம். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து, சோக்கால் கீறினோம். படுத்துப் பார்க்கச் சொன்னால் சிரிப்புத்தான். அடுப்பு இந்தக் கணக்கில் சேராது, வெளியே. மழை பெய்தால்? இப்படிக் கேட்ட பிறகே வாக்குவாதம் தொடங்கும்.

ஒக்டோபர் 20

தண்ணீர். அதே அளவுகோலில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர், அதாவது ஒன்றரை லீற்றர் போத்தல் பத்து. முதலில் குழாயில் வுழூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது), கீழே பேசின். சேர்ந்த தண்ணீரைப் போத்தலால் அளக்க வேண்டும். நபி (ஸல்) வுழூ செய்தது ஒரு 'முத்' (அரபு முகத்தலளவை) தண்ணீரில், ஏறக்குறைய முக்கால் லீற்றர்: அரைப் போத்தல். ஐந்து வேளைக்கு இரண்டரை. மீதி ஏழரையில் குடிப்பு, சமையல், குளிப்பு, துவைப்பு எல்லாம். அடுத்து போத்தலால் வுழூ: அப்படியே சரித்தால் பாதி சிந்தும். மூடியில் ஆணியால் துளை போடுங்கள். பேசின் தண்ணீர் செடிக்கு.

ஒக்டோபர் 27

அன்சாரி (அடைக்கலம் தந்த மதீனாவாசி), முஹாஜிர் (மக்காவிலிருந்து புலம்பெயர்ந்தவர்) சோடி. முஹாஜிர் கையில் தையல், மீன்பிடி என ஒரு தொழில் சீட்டு. அன்சாரிகளை முதலில் பேசவிட்டதால் அள்ளிக் கொடுக்க ஓடினார்கள், மற்றவர்கள் கையேந்தி உட்கார்ந்தார்கள். இரண்டாம் சுற்றில் முஹாஜிரே முதலில் பேச வேண்டும் என்றோம். ஸஃது இப்னு ரபீஃ (ரழி) சொத்தில் பாதி தர முன்வந்தபோது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) கேட்டது சந்தைக்கு வழி; பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதித்தார். இதைச் சொன்னதும், "தையல் மெசின் ரெண்டு கிழமைக்கு இரவல் தருவீங்களா?" என்று கேள்வி வந்தது.