ஜெர்மனி போறீங்களா? மொதல்ல தபால் பெட்டியில பேர் ஒட்டுங்க

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இந்த அக்டோபர் செமஸ்டருக்கு ஜெர்மனி கிளம்பற தம்பி தங்கச்சிகளுக்குங்க இது.

அறைச் சாவி வாங்கினதும் தபால் பெட்டியில உங்க பேரை ஒட்டிருங்க. அங்க தபால்காரர் பேரைத்தான் பார்ப்பார். பேர் இல்லீன்னா கடிதம் திரும்பிப் போயிரும். பேங்க் கார்டோட பின் நம்பர், வரி எண், இன்சூரன்ஸ் கார்டு எல்லாமே தபால்லதான் வரும். இனிஷியல் மட்டும் போட்டாப் பத்தாது. பாஸ்போர்ட்ல அப்பா பேர் எப்படி விரிஞ்சிருக்கோ அப்படியே எழுதுங்க.

குடிபோன 2 வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல முகவரியைப் பதியணும். ஆன்மெல்டுங்-னு பேரு. வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினா நடக்காது, குடிவந்ததை உறுதிசெஞ்சு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். சாவியோட சேர்த்தே அதைக் கேட்டு வாங்கிக்கோங்க. அக்டோபர்ல கூட்டம் நெரியும், அப்பாயின்ட்மென்ட்டை இங்கிருந்தே போட்டுருங்க.

விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்னாலயே போட்டு வெக்கற பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ கட்டியிருந்தாலும் மாசம் 992தான் கைக்கு வரும். அதுவும் அங்க பேங்க் கணக்குத் திறந்த பிறகுதான். மொத மாச வாடகை, அட்வான்ஸ், சாப்பாட்டுக்குத் தனியாப் பணம் வேணுமுங்க.

ஊத்துக்குளி நெய்யைப் பெட்டியில வெக்காதீங்க. வெளிநாட்டிலிருந்து பால், கறிப் பொருள் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்துல தடை. அம்மாகிட்ட முன்னாலயே சொல்லிருங்க, ஆசையா உருக்கி வெச்சிருப்பாங்க. பருப்புப் பொடி, மஞ்சத்தூள் எடுத்துக்கலாம்.

அப்பறம், கிளாசுக்குப் போனா மட்டும் பரீட்சை எழுத முடியாது. பெரும்பாலான யுனிவர்சிட்டியில பரீட்சைக்குத் தனியாப் பதியணும். கடைசித் தேதியை இப்பவே போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க.