சிறப்புப் பேச்சாளரை அழைக்கும்போது

மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் தமிழ்ச் சபைகள் கூடி ஊழியர் மாநாடு நடத்தும்போது, வந்து உட்காருகிறவர்களில் முழுநேரப் போதகர்கள் சிலரே. மற்றவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், மாதர் சங்கத் தலைவிகள், வாலிபர் பொறுப்பாளர்கள், போதகர் வேறு சபைக்குப் போயிருக்கும் ஞாயிறுகளில் பிரசங்கபீடத்தில் ஏற வேண்டியிருக்கும் மூப்பர்கள். வார நாட்களில் இவர்கள் லாரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். முப்பத்தைந்து பேர் வரும் சபையில் கணக்கு எழுதுகிறவரே கீபோர்டும் வாசிப்பார். ஆராதனைக்கு முன்னால் வேனை எடுத்துக்கொண்டு போய் வயதானவர்களை ஏற்றி வருகிறவரும் அவர்தான்.

பேச்சாளருக்கு இது தெரியாவிட்டால், எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் ஆயிரம் பேர் உள்ள நகரச் சபைக்கான செய்தியைத்தான் கொண்டுவருவார். ஐந்தாண்டுத் திட்டம், ஊடகக் குழு, பணியாளர் நிர்வாகம் என்று பேசுவார். கேட்கிறவர்கள் மரியாதையோடு ஆமென் சொல்லி, மதியச் சாப்பாட்டின்போது நல்ல செய்தி என்றும் சொல்வார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றையும் எடுத்துச் செய்ய வழி இருக்காது. குறை பேச்சாளர்மேல் இல்லை. அழைத்தவர்கள் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஆகவே அழைப்புக் கடிதம் ஒரு பக்கம் நீண்டாலும் பரவாயில்லை. எத்தனை பேர் வருவார்கள், என்ன வயது, என்ன வேலை, எந்தெந்தச் சபைப் பிரிவினர், எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எந்த மொழி, எந்த வேத மொழிபெயர்ப்பு, மேடையில் எவற்றைத் தவிர்க்க வேண்டும், பயணச் செலவை யார் ஏற்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் தலைப்பு. "தலைமைத்துவம்" என்று மட்டும் எழுதினால் அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் செய்தியைத்தான் கொடுப்பார், அவருக்கு வேறு வழியும் இல்லை. "போதகர் இல்லாத வாரத்தில் ஆராதனையை நடத்துவது எப்படி", "இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் இருக்கும் சபையில் மூப்பர் எங்கிருந்து தொடங்குவது", "ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது எவ்வளவு நேரம் இருப்பது, என்ன பேசுவது" என்று கேட்டால் அவருடைய ஆயத்தமே வேறாகிவிடும். தலைப்பைக் குழு மேசையில் உட்கார்ந்து யோசிக்காமல், வரப்போகும் ஊழியர்களிடம் கேட்டு எடுப்பது நல்லது. பத்துப் பேரிடம் தொலைபேசியில் கேட்டாலே போதுமான தலைப்புகள் கிடைக்கும்.

மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபையார் ஒன்றாக உட்காரும் மாநாடு என்றால் குழந்தை ஞானஸ்நானம், அந்நியபாஷை போன்றவற்றில் வேறு வேறு நிலைப்பாடு உள்ளவர்கள் எதிரே இருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். தெரியாமல் சொல்லிவிடும் ஒரு வாக்கியத்தால் அடுத்த வருடம் ஒரு சபை வராமல் போகக்கூடும்.

தேதியைக் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பேராவில் வார விடுமுறை சனி, ஞாயிறு. பக்கத்திலுள்ள கெடாவில் வெள்ளி, சனி. சுங்கைப்பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் ஊழியர்கள் வர வேண்டுமானால் இரு பக்கத்தாருக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை ஒன்றுதான். ஞாயிறு எப்படியும் ஆகாது, அவரவர் சபையில் ஆராதனை இருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் பெரிய வெள்ளி பொது விடுமுறையும் இல்லை. மே 1, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 16 ஆகிய நாடு முழுவதற்குமான விடுமுறைகளில் ஏதாவது ஒன்று வெள்ளியன்று வந்தால், இரண்டு நாள் மாநாட்டுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஷிப்ட் வேலைக்காரர்கள் ஆள் மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். தேதியை மூன்று மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பேச்சாளர் என்றால் அந்த மூன்று மாதம் வேறொரு காரணத்துக்கும் தேவைப்படும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள்வரை மலேசியாவில் தங்கலாம் என்பதால், டிக்கெட் மட்டும் எடுத்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை சுற்றிப்பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருகிறவர்கள் போன்றோருக்கு உரியது. மேடையேறிப் போதிக்க வருகிறவருக்கு, அழைக்கும் அமைப்பே பொறுப்பேற்று, அவர் புறப்படுவதற்கு முன் குடிநுழைவுத் துறையிடம் புரொபெஷனல் விசிட் பாஸ் என்ற தொழில்முறை வருகை அனுமதியை வாங்க வேண்டும். விமான நிலையக் குடிநுழைவுக் கவுண்டரில் கேட்டால் உறவினர் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லுங்கள் என்று பேச்சாளருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கர்த்தருடைய வார்த்தையைப் பேச வருகிறவரைப் பொய்யோடு உள்ளே வரச் சொல்வது எந்த விதத்திலும் தகாது. இதோடு, வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை அவருக்கு நினைவூட்டுவது அழைத்தவர்களின் வேலை.

கூட்டரசு அரசமைப்பின் 11(4)ஆம் பிரிவின்படி, முஸ்லிம்களிடையே மற்ற மதப் போதனைகளைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தலாம். பேராவிலும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அதனால் அழைப்பிதழிலும் பதாகையிலும் இது கிறிஸ்தவர்களுக்கான கூட்டம் என்று தெளிவாகப் போட வேண்டும். பிற மதங்களைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம் என்று பேச்சாளரிடம் நேராகவே சொல்லிவிட வேண்டும். சட்டத்தை விடுங்கள். மண்டபத்தில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அண்ணனோ சித்தியோ இந்துவாக இருப்பார்கள். கோயில் திருவிழாவைக் கேலி செய்யும் ஒரு உதாரணம் ஒரே குடும்பத்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். மதியச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான்.

சென்னைக்கும் இங்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணி. இங்கே காலை எட்டரைக்குப் பேசத் தொடங்குகிறவருக்கு உடம்புக் கணக்கில் விடியற்காலை ஆறு மணி. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பினாங்கு விமான நிலையத்திலிருந்து வந்தால் பாதித் தூரம்தான். இரவு விமானத்தில் வந்து, நேரே காரில் ஏறி, காலை அமர்வில் நிற்கச் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, கேட்கிறவர்களுக்கும் நல்லதல்ல. ஒரு நாள் முன்பே வரவழைத்தால் அன்று மாலை ஒரு தோட்டத்துச் சபைக்கு அழைத்துப் போகலாம். பழைய லயத்து வீடுகளையும், ஆட்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின் பத்துக் குடும்பமே மிஞ்சிய இடத்தில் இன்னும் பூட்டாமல் நிற்கும் சிறிய ஆலயத்தையும் பார்த்த பேச்சாளர், மறுநாளைக்கு எழுதிவைத்த குறிப்பில் கட்டாயம் எதையாவது மாற்றுவார்.

மொழிதான் எங்கள் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்குத் தமிழ்க் கூட்டம்தானே என்று தோன்றும். இங்குள்ள இளையோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்கள். வேகமாகப் பேசும் தமிழ் புரியும். திரையில் காட்டும் நீண்ட வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அது போய்விடும். கலெக்டர், பஞ்சாயத்து, ரேஷன் கார்டு எல்லாம் படத்தில் பார்த்த சொற்கள். இலட்சம் என்றால் ஒரு நொடி கணக்குப் போடுவார்கள், மில்லியன் உடனே புரியும். கம்பம் என்றால் இங்கே கிராமம், வெள்ளி என்றால் பணம், பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. இப்படி இருபது சொற்களை எழுதி முன்கூட்டியே பேச்சாளருக்கு அனுப்பினால் சந்தோஷமாகப் பயன்படுத்துவார்.

உதாரணங்களையும் இங்கிருந்தே கொடுக்கலாம். பால்மரம் (ரப்பர் மரம்) சீவினவர்களுக்குத் தெரியும்: உளி ஆழமாக இறங்கிப் பட்டைக்குள் இருக்கும் மெல்லிய வளர்படலத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே சரியாகச் சீவ முடியாது, பயந்து மேலாகச் சீவினால் பால் வராது. ஒருவரைக் கண்டித்துத் திருத்துவதைப் பற்றிப் பேச இதைவிட என்ன வேண்டும்? இளையவர்களுக்குச் செம்பனை பழக்கம். பழுத்த குலை என்பதை அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை வைத்துச் சொல்வார்கள். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறைந்துவிடும்.

வேத மொழிபெயர்ப்பை முடிவு செய்யாமல் விட்டால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு நிமிடம் போய்விடும். சீர்திருத்தச் சபையாரின் கையில் பழைய மொழிபெயர்ப்பு; கத்தோலிக்கர்களும் வந்திருந்தால் அவர்கள் கையில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம். ஒருவருக்கு ஆதியாகமம், மற்றவருக்குத் தொடக்க நூல். சங்கீதம் என்று சொன்னால் திருப்பாடல்களைத் தேட வேண்டும். வசனப் பட்டியலை மூன்று வாரம் முன்பே வாங்கி, இரண்டு பெயர்களையும் போட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ஆங்கிலத்தில் பேசுகிறவரை அழைத்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் அவருக்குக் கிடைப்பது இருபதுதான், ஆக மூன்று குறிப்பை இரண்டாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் கடைசிக் குறிப்பை ஓட்டமாக ஓடி முடிப்பார், பெரும்பாலும் அதுதான் செய்தியின் உயிராக இருக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், பாதி வாக்கியத்தில் பேச்சாளர் நிறுத்தினால் மொழிபெயர்ப்பாளருக்குத் தொடங்கவே வழியில்லை. முழு எண்ணத்தையும் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களில் செய்தியைக் கட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. தமிழில் அது ஒட்டாது. மொழிபெயர்ப்பவர் ஆங்கிலம் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது, பிரசங்கம் பண்ணிப் பழகியவராக இருக்க வேண்டும். வேதத்தில் எஜமானின் சொத்தைக் கவனிக்கிறவனைக் குறிக்கும் உக்கிராணக்காரன் என்ற சொல் இளையோருக்குத் தெரியாது என்பதும், தோட்டத்தில் ஸ்டோர் சாவியை வைத்திருந்து கணக்கு ஒப்புவித்த கிராணியைச் சொன்னால் வயதானவர்களுக்கு உடனே பிடிபடும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் இரவு இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

மண்டபம் தகரக் கூரை என்றால் மழையை வைத்துத்தான் நிகழ்ச்சி நிரலை எழுத வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். எவ்வளவு ஒலிபெருக்கி வைத்தாலும் பேச்சு கேட்காது. முக்கியச் செய்திகள் இரண்டையும் மதியத்துக்கு முன் வைத்துவிட்டு, பிற்பகலைக் குழுக் கலந்துரையாடலுக்கு விடுவது உத்தமம். எட்டுப் பேர் வட்டமாக நெருங்கி உட்கார்ந்தால் மழையிலும் பேசலாம். ஒலிபெருக்கிப் பெட்டிகளை மேடைக்கு முன்னால், பேச்சாளருக்கு முதுகு காட்டியபடி வைக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வைத்தால் மைக் அந்த ஒலியைத் திரும்ப வாங்கிக் கூவும். சட்டையில் குத்தும் மைக்கில் மின்விசிறிக் காற்று இரைச்சலாக விழும், கையில் பிடிக்கும் மைக்கே இங்கே நம்பகமானது. மதிய இடைவேளையில் பேட்டரியை மாற்றிவிடுங்கள், தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பேச்சாளர் கொண்டுவரும் திரைக்காட்சி பழைய எழுத்துருவில் தட்டச்சானது என்றால், இங்குள்ள கணினியில் தமிழ் முழுவதும் புரியாத குறிகளாக விழும். பிடிஎப் கோப்பாக முந்திய வாரமே வாங்கித் திறந்து பார்த்துவிட வேண்டும். இந்தியாவின் மின்செருகி உருண்டை முனை, இங்கே சதுர முனை. ஒரு மாற்றுச் செருகி மேடையிலேயே இருக்கட்டும்.

பணவிஷயத்தில் கூச்சப்படுவதால்தான் மனத்தாங்கல் வருகிறது. பயணச் செலவு வேறு, அன்பின் காணிக்கை வேறு. பயணச் செலவை ரசீதுக்கு ஏற்ப வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். காணிக்கையை உறையில் போட்டு, பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து, புறப்படுவதற்கு முன் தனியாகக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்க வேண்டும். கார் கதவைச் சாத்தும்போது ஜன்னல் வழியாகத் திணிப்பது அவருக்கும் மரியாதை இல்லை, கணக்குக்கும் ஆகாது. உள்ளூர்ப் பேச்சாளருக்கு காருக்கு எண்ணெய்க் காசுகூடக் கொடுக்காமல், நம்மவர்தானே என்று சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவது மிகவும் வருத்தமான வழக்கம். அவரும் ஒரு மாதம் இரவு வேலை முடித்து வந்து படித்து ஆயத்தப்பட்டவர்தான். பேச்சாளர் தம் சொந்த ஊழியத்துக்கு மேடையில் நிதி கேட்கலாமா, புத்தகம் விற்கலாமா என்பதும் அழைப்புக் கடிதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். தனிப்பட்ட ஜெபம் கேட்டு வருகிறவர்களை, கதவு திறந்திருக்கும் இடத்தில், இன்னொருவர் உடனிருக்கச் சந்திக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதலாம். நல்ல பேச்சாளர்கள் இதற்கு நன்றிதான் சொல்வார்கள்.

எல்லா அமர்வையும் வெளியிலிருந்து வந்தவருக்கே கொடுத்துவிடாமல், ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு இருபது நிமிடம் ஒதுக்குவது எங்கள் சபைகளுக்கு மிகவும் ஏற்றது. 1979இல் தொடங்கி, இப்போது சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியல் கல்லூரியில் தமிழில் படித்துத் தேறியவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். விருந்தினர் சொன்னதை இந்தப் பட்டணத்தில் எப்படிச் செய்வது என்று அவர்கள்தான் சொல்ல முடியும். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுந்து நின்று கேட்கத் தயங்கும் பெண்களிடமிருந்துதான் பயனுள்ள கேள்விகள் அதிகம் வரும்.

நேரம் போதாமல் பதில் கிடைக்காத சீட்டுகளைப் பேச்சாளரிடமே கொடுத்து அனுப்பினால், இரண்டு வாரத்தில் பதிலைக் குரல்பதிவாக அனுப்பிவிடுவார். அந்தப் பதிவையும் ஒரு பக்கச் செய்திச் சுருக்கத்தையும் அன்று ஷிப்டில் மாட்டிக்கொண்டு வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சேர்த்துவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்தில் ஏறப்போகிறவர் அவர்களில் ஒருவராக இருப்பார்.