குரங்கு எங்கே தூங்கும் என்று கேளுங்கள்

போர்னியோ தீவின் சபா மாநிலத்தில், கினபதாங்கான் ஆற்றோரம் இருக்கும் சுக்காவ் கிராமத்தில் இறங்கியதும், மதிய வெயில் என்றும் பார்க்காமல் குரங்கைத் தேடித் தொலைநோக்கியோடு காட்டுக்குள் நடந்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது அட்டைக்கடி மட்டும்தான். திரும்பி வந்தபோது படகுக்காரர் சிரித்தார். "பகலில் உள்ளே போய்விடும். ராத்திரி தங்க ஆற்றங்கரைக்குத்தான் வரணும். நாலு மணிக்கு வாங்க."

சரி என்று நாலு மணிக்குப் போனேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு மரங்களைக் கையால் காட்டினார். முதலில் கிளை ஆடியது. அப்புறம் மூக்கு தெரிந்தது. தும்பிக்கை மூக்குக் குரங்கு என்று சொல்லத் தோன்றும் அந்தக் கடுவனுக்கு (ஆங்கிலத்தில் proboscis monkey) மூக்கு வாய்க்கும் கீழே தொங்குகிறது. இலையை வாயில் வைக்கும்போது மூக்கு இடையில் வந்து நிற்கிறது. பக்கத்தில் மந்தியின் மடியில் ஒரு குட்டி, முகம் கருநீலமாக. கடுவன் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியபோது, மூட்டையைத் தூக்கி வீசியதுபோல் கிளைகள் முறிந்தன. தண்ணீர்ப் பக்கமிருந்து எதிரி எளிதில் வர முடியாது என்பதால்தான் கரை மரங்களில் தூங்குகின்றனவாம்.

(படகுத்துறையில் நீளவால் குரங்கு ஒன்று என் பிஸ்கட் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனது. பை சரசரத்ததுதான் தப்பு. அங்கே பையைத் திறக்காதீர்கள்.)

அன்றிலிருந்து எங்கே போனாலும் குரங்கு எங்கே இருக்கும் என்று கேட்பதில்லை, எங்கே தூங்கும் என்றுதான் கேட்கிறேன். எத்தியோப்பியாவின் சிமியன் மலையில் இது தலைகீழாகப் பலித்தது. அங்குள்ள ஜெலாடா என்னும் குரங்குகள் இரவில் செங்குத்தான பாறை விளிம்புகளில் தங்கும். வெயில் ஏறியதும் மேலே புல்வெளிக்கு வரும். விளிம்புக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவை உட்கார்ந்தபடியே நகர்ந்து மேய்ந்துகொண்டு என்னைக் கடந்து போயின. நூறு கைகள் புல்லைக் கிள்ளும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இவை முக்கியமாகப் புல்லைத் தின்றே வாழ்பவை, நம் பையில் அக்கறை இல்லை.

ஜப்பானின் ஜிகோகுதானியில் இந்தத் தந்திரமெல்லாம் தேவையில்லை. 1964 முதல் நடக்கும் பூங்கா, ஊழியர்களே தீனி போடுகிறார்கள். பனிக்காலத்தில் வெந்நீர்க் குளத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். படம் எடுக்க அருமை. ஆனால் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காதீர்கள். அதைச் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். எந்தக் குரங்கு கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி பலிக்காத இடமும் உண்டு: வால்பாறை. சிங்கவால் குரங்கு இன்றைக்கு எந்த மரத்தில் தங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே காதுதான் துணை. பழம் பொத்தென்று விழும் பக்கம் நின்றுவிட வேண்டியதுதான். புதுத்தோட்டம் பகுதியில் அவை சாலைக்கே வருகின்றன, வண்டியில் அடிபட்டும் சாகின்றன. தின்பண்டம் வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே முக்கால் மணி நேரம் நின்றேன். ஆறு குரங்குகள் வரிசையாகப் போயின. ஏழாவது பாதிப் பாலத்தில் உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்தது.